1969 ஷெவ்ரலே சி10: ஃபிரேம் தரையில் உட்கார பின்பக்கம் எவ்வளவு வெட்டணும்?

பழைய_ஷெவி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1969 சி10 பிக்கப் டிரக், ஃபிளீட்சைடு (பக்கம் மட்டமான பெட்டி), குட்டைப் பெட்டி, வீல்பேஸ் 115 அங்குலம். பின்னாடி கம்பெனியில் வந்தபடியே டிரெயிலிங் ஆர்ம் (முன்னாடி ஃபிரேமில் மாட்டி, பின்னாடி ஆக்சிலைப் பிடிக்கிற நீளக் கை), காயில் ஸ்பிரிங், 12 போல்ட் ஆக்சில். போடப்போற டயர் 275/40ஆர்20.

வேண்டியது இதுதான்: நிறுத்தினா ஃபிரேம் தரையைத் தொடணும், ஓட்டும்போது காற்று ஏத்தி நல்ல உயரத்தில் போகணும். கேள்வி மூணு. கடையில் கிடைக்கிற போல்ட் போடும் சி-நாட்ச் (ஆக்சிலுக்கு இடம் விட ஃபிரேமின் அடியில் வெட்டுற வளைவு) போதுமா? ஏர்பேக்கை (ஸ்பிரிங்குக்குப் பதிலா வண்டியைத் தாங்குற காற்றுப் பை) ஆக்சில் மேல் வைக்கிறதா, ஆர்ம் மேல் வைக்கிறதா? பழைய ஆர்மையே வச்சுக்கலாமா, ஃபோர்-லிங்க் (ஆக்சிலை நாலு பாரில் பிடிக்கிற அமைப்பு) போட்டே ஆகணுமா?

அளவுகோல்

கிட் வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள். நாட்ச் எவ்வளவு ஆழம் என்பதைத் தீர்மானிப்பது கேட்டலாக் இல்லை, உங்கள் டயரின் ஆரம்தான்.

275/40ஆர்20 என்றால் பக்கச்சுவர் 110 மி.மீ., அதாவது 4.33 அங்குலம். மொத்த விட்டம் 28.66, ஆரம் 14.33. வண்டியின் எடை ஏறினால் டயர் அரை அங்குலம் அமுங்கும், ஆக ஆக்சில் மையம் தரையிலிருந்து சுமார் 13.8 அங்குல உயரத்தில் நிற்கும்.

இனி மூன்று அளவுகளை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். கேபினுக்குக் கீழே ஃபிரேம் ரயில் (ஃபிரேமின் நீளவாட்டுச் சட்டம்) நேராகப் போகும் பகுதியின் அடியில் ஒரு நீளமான நேர்க்கம்பியைக் கட்டி, அதைப் பின்னோக்கி ஆக்சில் வரை நீட்டுங்கள். ஆக்சில் மையத்துக்கு நேர் மேலே, அந்தக் கம்பியிலிருந்து ரயிலின் அடிவிளிம்பு எவ்வளவு உயரம் என்பது முதல் அளவு. அதே இடத்தில் ரயிலின் ஆழம் இரண்டாவது. ஆக்சில் குழாயின் வெளிவிட்டம் மூன்றாவது. மூன்றும் வந்தால் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம்.

பழைய_ஷெவி

எடுத்துட்டேன். நேர்க்கம்பியிலிருந்து ரயில் அடி 8 அங்குலம். அந்த இடத்தில் ரயில் ஆழம் 6. குழாய் வெளிவிட்டம் 3 1/4. ரயில் தகடு ஒன்றரை நூல், அதாவது 3/16.

அளவுகோல்

நல்லது. ஆக்சில் மையம் 13.8. குழாயின் பாதி 1.6 சேர்த்தால் குழாயின் மேல்பக்கம் 15.4. பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து முட்டாமல் தடுக்கும் ரப்பர்) அமுங்கிய பிறகும் குழாய்க்கும் இரும்புக்கும் நடுவே ஒரு அங்குலம் வேண்டும். ஆக, நாட்சின் அடிப்பரப்பு தரையிலிருந்து 16.4 அங்குலத்தில் இருக்க வேண்டும்.

ஃபிரேம் தரையைத் தொடும்போது உங்கள் ரயிலின் மேல்விளிம்பே 8 + 6 = 14 அங்குலத்தில்தான் இருக்கும். வேண்டிய நாட்ச் ரயிலின் தலைக்கும் மேலே 2.4 அங்குலம் போகிறது. ரயிலுக்குள் வெட்டும் சி-நாட்ச் இதற்கு எந்த வகையிலும் எட்டாது. ரயிலை முழுதாக அறுத்து, மேலே பாலம் போல் ஏற்றிக் கட்டும் ஸ்டெப் நாட்ச்தான் வழி.

கொல்லன்பட்டறை

கணக்கு சரி, ஒரு இடம் தவிர. ஃபிரேம் தரையில் உட்கார்ந்துட்டா எடை முழுக்க தரைக்குப் போயிடும். டயர் மேல் ஆக்சிலும் சக்கரமும் மட்டும்தான். அப்ப டயர் அமுங்காது, ஆரம் 14.3 பக்கம் திரும்பிடும். 16.4 இல்ல, 16.9 வச்சுக்கணும். அந்த அரை அங்குலத்தை விட்டுட்டா ஃபிரேம் தொடுறதுக்கு முன்னாடியே குழாய் பாலத்தில் முட்டி நிக்கும்.

அளவுகோல்

சரியாகச் சொன்னீர்கள். தரையைத் தொடும் நிலைக்கு எடையில்லாத ஆரத்தைத்தான் எடுக்க வேண்டும். ஆக 16.9. பாலத்தின் அடிப்பரப்பு ரயிலின் தலையிலிருந்து 2.9 அங்குலம் மேலே. பாலத்துக்கு 3 அங்குல உயரக் குழாய் போட்டால் அதன் உச்சி பழைய ரயில் தலையைவிட ஏறக்குறைய 6 அங்குலம் உயரும். பெட்டியின் தளம் அங்கே முட்டும். தளத்தை வெட்டிக் கூண்டு கட்டலாம், இல்லையென்றால் தளம் முழுவதையும் தூக்கலாம்.

நெடுஞ்சாலை77

அதனால்தான் கேக்கிறேன், ஃபிரேம் தரையைத் தொட்டே ஆகணுமா? காற்று இல்லாம ஃபிரேம் 5 அங்குலத்தில் நின்னா போதும்னு வச்சா கணக்கு எவ்வளவு மாறுது பாருங்க. ரயில் அடி 13க்கு வரும். எடை டயர் மேல்தான், அதனால் வேண்டிய உயரம் 16.4. வெட்டு 3.4 அங்குலம் மட்டும். ரயிலில் 2.6 மிச்சம். பெட்டித் தளத்தைத் தொடவே வேண்டாம். போல்ட் போடும் சி-நாட்ச் அந்த அளவுக்குத்தான் வருது. 3/8 கிரேடு 8 போல்ட், காய்ந்த மரையில் 40 முதல் 45 அடி-பவுண்டு முறுக்கு. துளை எல்லாம் ரயிலின் நடுத்தகட்டில், ஃபிளேஞ்சில் (மேலேயும் கீழேயும் மடிஞ்ச விளிம்பு) ஒண்ணுகூட கூடாது.

வாரம் முழுக்க ஓட்டுற வண்டிக்கு இதுவே போதும். ஒரே மாதிரி நாட்சை வச்சு 3 அங்குலத்தில் நிறுத்தப் பாக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க. அப்ப ரயில் அடி 11, தலை 17, வெட்டு 5.4 அங்குலம். ரயிலில் 5 நூல்கூட முழுசா மிச்சமில்ல. அது சி-நாட்சும் இல்ல, ஸ்டெப் நாட்சும் இல்ல.

கொல்லன்பட்டறை

3.4 வெட்டினாலும் போல்ட் தகடு "போதும்" என்பதை அப்படியே எடுத்துக்காதீங்க தம்பி. எந்தத் தகடு என்பதைப் பாக்கணும். ரயிலின் பலம் அடி ஃபிளேஞ்சிலும் மேல் ஃபிளேஞ்சிலும்தான் இருக்கு. நடுத்தகடு ரெண்டையும் விலக்கிப் பிடிக்கிற வேலைதான் பண்ணுது. நாட்ச் வெட்டும்போது முதலில் போறது அடி ஃபிளேஞ்ச். வெட்டின வளைவு முழுக்கச் சுத்தி வர்ற புது ஃபிளேஞ்ச் அந்தக் கிட்டில் இருக்கணும். நடுத்தகட்டில் ஒட்டுற வெறும் தட்டைத் தகடா இருந்தா அதைத் தூர வைங்க.

அளவுகோல் சார், எவ்வளவு பலம் போகுதுன்னு எண்ணா எழுதுங்க. சொன்னா நம்ப மாட்டாங்க.

அளவுகோல்

ரயிலை 6 அங்குல ஆழம், 2.5 அங்குல ஃபிளேஞ்ச், 3/16 தகடு கொண்ட சி வடிவமாக எடுத்துக்கொள்கிறேன். வளைவை எதிர்க்கும் அளவு, அதாவது செக்‌ஷன் மாடுலஸ், சுமார் 3.57 கன அங்குலம்.

3.4 அங்குலம் வெட்டி அப்படியே விட்டால் மிஞ்சுவது 2.6 அங்குல எல் வடிவம். அதன் மாடுலஸ் 0.33. பழைய பலத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான்.

வளைவுக்குப் புது ஃபிளேஞ்ச் வைத்து, உள்பக்கத்தையும் 3/16 தகட்டால் மூடிப் பெட்டியாக்கினால் 1.32. பழையதில் 37 சதவீதம். பெட்டியாக்கியும் பாதி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆழம் குறைந்த இடத்தை வெறும் தடிமனால் ஈடுகட்ட முடியாது.

ரயிலின் தலையில் ஒன்றரை அங்குலம் ஏற்றி, மொத்தப் பெட்டி 4.1 அங்குல ஆழம் ஆனால் 2.54, அதாவது 71 சதவீதம். அதே அளவைக் கால் அங்குலத் தகட்டில் செய்தால் 3.2, அதாவது 90 சதவீதம். ரயிலின் தலைக்கும் பெட்டித் தளத்துக்கும் இடையில் குறுக்குச் சட்டங்கள் இருப்பதால், அந்த ஒன்றரை அங்குலத்தைப் பெரும்பாலும் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒளித்துவிடலாம்.

எங்கே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். பின்னால் தொங்கும் பெட்டியும் பம்பரும் கீழே அழுத்துகின்றன, ஏர்பேக் மேலே தள்ளுகிறது. வளைவு உச்சத்தில் இருப்பது ஆக்சிலை ஒட்டித்தான். நாட்சும் அங்கேயே. ஹிட்ச் போட்டு டிரெய்லர் இழுக்கும் எண்ணம் இருந்தால் 37 சதவீதத்தில் நிறுத்தக் கூடாது.

பழைய_ஷெவி

இப்ப புரியுது. தளத்தை வெட்டத் தயார்தான், ஸ்டெப் நாட்சே போறேன். வெட்டும் வரிசையைச் சொல்லுங்கண்ணே.

கொல்லன்பட்டறை

முதலில் ஒரு விஷயம். 1967 முதல் 1972 வரையான சி10ல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னாடி. கிரைண்டர் தொடுறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி வெளியே கொண்டுபோயிடுங்க. காலி பண்ணினா போதும்னு நினைக்காதீங்க. நிறைஞ்ச டேங்கைவிட ஆவி நிக்கிற காலி டேங்க்தான் வெடிக்கும். பேட்டரி கழட்டணும். பிரேக் பைப், வயரிங் எல்லாம் ரயிலுக்குள்ளே ஓடுது, அவிழ்த்து ஒதுக்கிக் கட்டணும்.

பெட்டியை இறக்கினதும் ஃபிரேமை நாலு இடத்தில் ஸ்டாண்டில் வச்சு ரசமட்டம் பாருங்க. ரெண்டு ரயிலும் குறுக்கேயும் நெடுக்கேயும் மட்டமா இருக்கணும். முன்னாடி ஒரு நிலையான போல்ட் துளையிலிருந்து பின்னாடி எதிர்ப்பக்கத் துளைக்கு மூலைவிட்டம் எடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு நூலுக்குள்ளே இருக்கணும். அதுக்கு மேல் இருந்தா ஃபிரேம் ஏற்கெனவே கோணல். அதை நிமிர்த்தாம மேல வெல்டு வச்சா கோணலை நிரந்தரமாக்கின மாதிரி ஆயிடும்.

ஆக்சில் மையத்தைத் தூக்குக்குண்டு போட்டு ரெண்டு ரயிலிலும் குறிங்க. இதை ஓட்டும் உயரத்தில் மட்டும் குறிச்சா தப்பு. ஆர்ம் வட்டத்தில் சுத்துது, ஆக்சில் மேல வரும்போது கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். காயிலை எடுத்துட்டு, ஜாக்கால் ஆக்சிலை மேலே தூக்கித் தூக்கி மூணு உயரத்தில் குறிங்க. அந்தக் கோடுகளுக்கு முன்னும் பின்னும் ஒன்றரை ஒன்றரை அங்குலமாவது திறப்பு விடணும்.

அறுக்கும் முன் தாங்கல். 2x2 சதுரக் குழாயை ரயில் மேலேயும் வெளிப்பக்கத்திலும் நாட்ச் இடத்தைத் தாண்டி இரண்டு அடி போற மாதிரி டேக் (தற்காலிகமா சின்னச் சின்னப் பொட்டு வெல்டு) வைங்க. ரெண்டு ரயிலுக்கும் குறுக்கே ஒரு எக்ஸ். ஒரு பக்கம் முழுசா முடிஞ்ச பிறகுதான் அடுத்த பக்கத்தை அறுக்கணும். ரெண்டையும் ஒரே நாளில் அறுத்துப் போட்டா பின்பக்கம் எங்கே இருந்துச்சுன்னு சொல்ல ஆதாரமே இருக்காது.

பாலம்: 2x3 அல்லது 2x4 செவ்வகக் குழாய், சுவர் 3/16. தூண்களை 90 டிகிரியில் நிறுத்தாதீங்க, 45 டிகிரியில் சாய்ச்சு ஏத்துங்க. செங்குத்து மூலையில் அழுத்தம் குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அறுத்த இடத்து மூலைகளில் அரை அங்குலத் துளை போட்டுட்டு அந்தத் துளை வரைக்கும்தான் அறுக்கணும். கூர்மூலை ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது.

பாலம் ரயிலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தகடு கட்டாயம். 3/16 தகடு, ரெண்டு நுனியும் வைர வடிவில் கூரா வெட்டினது, வெட்டைத் தாண்டி ரெண்டு பக்கமும் குறைஞ்சது 6 அங்குலம். ரயிலுக்குக் குறுக்கே நேர்செங்குத்தா வெல்டு கோடு எங்கேயும் வரக் கூடாது. தகட்டில் 5/8 துளைகள் போட்டு அது வழியா பிளக் வெல்டு, ஓரம் சுத்தித் துண்டு துண்டா. மேல் ஃபிளேஞ்சைக் குறுக்கே கடக்கிற வெல்டு வேண்டவே வேண்டாம். பின் ஆக்சில் மேல இழுவை வர்றது அந்த மேல் ஃபிளேஞ்சில்தான்.

வெல்டு கம்பி இஆர்70எஸ்-6, 0.035 அங்குலம். வாயு 75 பங்கு ஆர்கான், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு. ரெண்டு ஓரமும் வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டிங். பழைய ஃபிரேமின் பெயிண்ட், கிரீஸ், துரு மேல வச்ச வெல்டு பார்க்க நல்லா இருக்கும், உள்ளே ஓட்டையா இருக்கும். ஒரே இடத்தில் நீளமா ஓட்டாதீங்க. ஒண்ணரை அங்குலம், எதிர்ப்பக்கம் ஒண்ணரை, கை வைக்கிற சூட்டுக்கு ஆறட்டும். ரயிலின் அடிப்பக்கத்தில் வெல்டு சுருங்கினா பின்முனை கீழே தொங்கும். தாங்கல் குழாய் வச்சது அதுக்குத்தான். கடைசி வெல்டு முழுசா ஆறின பிறகே அதை எடுக்கணும்.

இது சி10 மாதிரி லேசான டிரக்கின் சாதாரண எஃகுக்கு மட்டும். பெரிய லாரிகளின் வெப்பப் பதனிட்ட ரயிலை இப்படி அறுத்து வெல்டு பண்ணினா சூடு பட்ட இடம் பலம் இழந்துடும். யாரும் இதைப் பார்த்து அங்கே செய்ய வேண்டாம்.

நெடுஞ்சாலை77

ரிவெட் போட்ட குறுக்குச் சட்டம் நாட்ச் இடத்தில் வந்தா? தலையைக் கிரைண்டிங் பண்ணித் தட்டி எடுத்துட்டு போல்ட் போடலாமா?

கொல்லன்பட்டறை

போடலாம். ஆனா ரிவெட் துளையை முழுசா நிரப்பி நிக்கும். போல்ட் லூசா நின்னா கொஞ்ச நாளில் துளை நீள்வட்டமாயிடும். துளையை ரீமர் போட்டு, போல்ட் தட்டினா மட்டும் இறங்குற அளவுக்கு வைங்க. மரைப் பகுதி தகட்டுக்குள்ளே நிக்கக் கூடாது, மொழு மொழுன்னு இருக்கிற தண்டுதான் நிக்கணும்.

காற்றுக்குழாய்

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பேக் எங்கே என்பதை முடிவு பண்ணாம பாலத்தை வெல்டு பண்ணிடாதீங்க. மேல் பிராக்கெட் அதில்தான் நிக்கப்போகுது.

ஆர்ம் முன் திருகாணியிலிருந்து ஆக்சில் வரை 50 அங்குலம்னு வைப்போம், உங்க வண்டியில் அளந்து மாத்திக்கோங்க. ஒரு பக்கம் பேக் தாங்கவேண்டிய எடை 600 பவுண்டு. ரெண்டு மடிப்பு பேக்கின் செயல்படும் பரப்பு 25 சதுர அங்குலம். ஓட்டும் உயரம் 5.5 அங்குலம், முழுசா அமுங்கினா 3. ஆக இறங்க இருக்கிற தூரம் 2.5 அங்குலம்தான்.

ஆக்சிலுக்கு நேர் மேல வச்சா எடை அப்படியே 600. அழுத்தம் 24 பிஎஸ்ஐ. சக்கரம் இறங்குறது 2.5 அங்குலம். நீங்க கேட்கிற இறக்கத்துக்குப் பத்தாது.

ஆர்மில் 40 அங்குலத்தில் வச்சா விகிதம் 0.8. எடை 750, அழுத்தம் 30. சக்கரம் 3.1 அங்குலம் இறங்கும்.

28 அங்குலத்தில் வச்சா விகிதம் 0.56. எடை 1,070, அழுத்தம் 43. சக்கரம் 4.5 அங்குலம். இறக்கம் கிடைக்குது. ஆனா பேக் இப்ப ஆர்மின் நட்ட நடுவில் நிக்குது. எடை போடாம நிக்கும்போதே ஆர்மை 13,000 அங்குல-பவுண்டுக்கு மேல வளைக்குது, குழியில் விழுந்தா அதுக்கும் மேல. கம்பெனி ஆர்ம் தகட்டில் அடிச்சது, காயில் ஆக்சிலை ஒட்டி நிக்கும்னு நினைச்சு பண்ணினது. இந்த வேலைக்கு அது ஆகாது.

பழைய_ஷெவி

ஆர்மை ரெண்டு பக்கமும் தகடு வச்சுப் பெட்டியாக்கினா?

அளவுகோல்

செய்யாதீர்கள். அந்த ஆர்ம் முறுக்கிக்கொடுக்க வேண்டியது. இரண்டு ஆர்மும் யு-போல்ட்டால் ஆக்சிலோடு இறுகப் பிடித்திருக்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆர்ம் முறுக்கினால்தான் ஆக்சில் சாய முடியும். பெட்டியாக்கினால் முறுக்காது. அந்த விசை முழுவதும் முன் பிராக்கெட்டுக்கும் ஆக்சில் குழாய்க்கும் போகும். நாஸ்கார் (அமெரிக்க கார்ப் பந்தயம்) கப் தொடர் கார்கள் 2021 வரை இந்த டிரக் ஆர்ம் அமைப்பிலேயே ஓடியதற்கு ஒரு காரணம் இந்த எளிமையான நெகிழ்வு.

இன்னொன்று. ஆர்ம் ஆக்சிலோடு இறுகியிருப்பதால் ஆக்சில் 5 அங்குலம் மேலே வந்தால் பினியன் (சுழல்தண்டு வந்து சேரும் டிஃபரன்ஷியல் பல்சக்கரம்) மூக்கு 5.7 டிகிரி கீழே சாய்கிறது. பழைய ஆர்மை வைத்துக்கொண்டால் இதைத் தடுக்க வழியே இல்லை.

சுழல்தண்டு

அந்த 5.7 டிகிரி நிறுத்தி வைக்கும்போது பரவாயில்லை, ஓட்டும் உயரத்தில்தான் பிரச்சினை. கியர்பாக்ஸ் வெளித்தண்டின் கோணமும் பினியன் கோணமும் இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கணும். ஒவ்வொரு யு-ஜாயின்ட்டிலும் (தண்டின் மடங்கும் மூட்டு) வேலைக் கோணம் 3 டிகிரிக்குள்ளே. சுத்தமா பூஜ்யமும் கூடாது, அரை டிகிரியாவது இருந்தாத்தான் ஊசி பேரிங் உருளும். ஓட்டும் உயரம் எதுன்னு முடிவு பண்ணின பிறகே பினியனை அமைச்சு பிராக்கெட்டை வெல்டு பண்ணணும். டேப் அளவில் வேண்டாம், டிஜிட்டல் கோணமானி வச்சுப் பாருங்க.

ஆக்சில் மேல வந்தா தண்டும் மேல வரும். கேபின் பின்சுவர், நடுக் குறுக்குச் சட்டம் ரெண்டிலும் இடம் பாருங்க. ரெண்டு துண்டுத் தண்டா இருந்தா நடு பேரிங்கையும் உயர்த்த வேண்டியிருக்கும். முழு இறக்கத்திலும் முழு உயரத்திலும் ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள்ளே முன்னும் பின்னும் நகரும் தண்டு முனை) எவ்வளவு உள்ளே போகுது, எவ்வளவு வெளியே வருதுன்னு குறிச்சுக்கோங்க. முழுசா உள்ளே போய் முட்டினா கியர்பாக்ஸ் பின்மூடி உடையும்.

காற்றுக்குழாய்

அதனால் ஃபிரேம் தரையில் உட்காரணும்னா ஃபோர்-லிங்க், பேக் ஆக்சிலில். ரெண்டு மடிப்பு பேக்குக்குப் பதிலா ஸ்லீவ் வகை (நீள உருளைப் பை) எடுத்தா நீளமான ஓட்டம் கிடைக்கும், விகிதம் 1க்கு 1லேயே வேலை முடியும். கீழ் பிராக்கெட்டை ஆக்சில் குழாய்க்குக் கீழே தொங்கவிட்டு பேக்கை உட்காரவைங்க, ஆனா அந்தப் பிராக்கெட் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வராம பாத்துக்கோங்க. காற்று நிறைஞ்ச பேக்கைச் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் காலி. சைலன்சர் பைப் அருகே வந்தா தகடு மறைப்பு வைக்கணும், ஆக்சிலுக்கு முன்னாடியே பைப்பை முடிச்சுட்டா இன்னும் நல்லது.

நெடுஞ்சாலை77

பான்ஹார்டு பாரை (ஆக்சில் பக்கவாட்டில் நகராம ஃபிரேமோடு பிடிக்கிற பார்) யாரும் சொல்லலையே. அதுதான் டயரைப் பெட்டியில் உரசவைக்குது.

அளவுகோல்

ஆமாம். பார் வட்டத்தில் சுற்றுவதால் ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். 24 அங்குல பார் ஓட்டும் உயரத்திலேயே 4 அங்குலம் சாய்ந்து நின்றால், இன்னும் 5 அங்குலம் இறக்கும்போது ஆக்சில் 1.4 அங்குலம் ஒரு பக்கம் போகும். அதே பாரை 34 அங்குலமாக்கி, ஓட்டும் உயரத்தில் மட்டமாக வைத்தால், 5 அங்குல இறக்கத்துக்கு நகர்வு 0.37 அங்குலம்தான். மூன்று நூல். நீளம், மட்டம் இரண்டும் சேர்ந்து இந்த வித்தியாசத்தைத் தருகின்றன.

மேல் பார்கள் இரண்டையும் முக்கோணமாகச் சாய்த்த ஃபோர்-லிங்க் என்றால் பான்ஹார்டே தேவையில்லை. மேல் பார்கள் இரண்டுக்கும் இடைக்கோணம் 40 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் வளைவில் ஆக்சில் பக்கவாட்டில் அசையும். ஆனால் பெட்ரோல் டேங்கை ரயில்களுக்கு நடுவே பின்னால் வைப்பதாக இருந்தால் அதற்கும் டிஃபரன்ஷியலுக்கும் உள்ள இடத்தை முதலில் வரைந்து பாருங்கள்.

காற்றுக்குழாய்

ஷாக் பற்றி யாரும் சொல்லாம விட்டதையும் சேர்த்துக்கிறேன். முழு இறக்கத்தில் ஷாக்கில் அரை அங்குலமாவது ஓட்டம் மிச்சம் இருக்கணும், முட்டுறது பம்ப் ஸ்டாப்தான், ஷாக் இல்ல. மேல போறப்போ எதிர்மாறு: பேக் அதன் முழு நீளத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஷாக்கோ லிமிட் பட்டையோ நிறுத்தணும். ஜாக்கில் தூக்கினா ஆக்சில் தொங்கும், அப்ப பேக் ஆக்சிலின் எடையை இழுத்துப் பிடிச்சா ரப்பர் தட்டிலிருந்து பிடுங்கிக்கும்.

காற்று: 5 காலன் டேங்க், ரெண்டு கம்பிரசர், ஒவ்வொண்ணுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். கம்பிரசருக்கும் டேங்குக்கும் நடுவில் செக் வால்வ். டேங்க் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய், இல்லேன்னா வால்வுக்குள்ளே துரு போகும். நைலான் டியூபை நேரா அறுக்கிற கத்தியில் மட்டும் வெட்டுங்க. சாய்வா வெட்டின நுனி ஃபிட்டிங்கில் இறங்கின மாதிரி தெரியும், ஆனா ஓ-ரிங் பிடிக்காது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்குற வண்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சோப்புத் தண்ணீர் தெளிச்சா தெரிஞ்சிடும்.

பேக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீங்க. ஃபிரேமுக்கு ஸ்டாண்ட் வச்சு, காற்றை முழுசா விட்ட பிறகுதான்.

நெடுஞ்சாலை77

ஓட்டும் உயரம் பற்றிச் சட்டமும் இருக்கு. கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 24008ன்படி, மாற்றம் செய்த காரிலோ 6,000 பவுண்டுக்குக் குறைவான வணிக வாகனத்திலோ சக்கரம் தவிர எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வா இருக்கக் கூடாது. 20 அங்குல ரிம் விளிம்போட சுமார் 21.4 அங்குல விட்டம். ஆக்சில் 13.8ல் இருந்தா ரிம் அடி 3.1 அங்குலத்தில். ஓடும்போது எதுவும் அதுக்குக் கீழே தொங்கக் கூடாது. சட்டம் இல்லாத இடத்திலும் இது உயிர்க் கணக்கு. டயர் வெடிச்சா வண்டி ரிம்மில் ஓடும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கையில் இருக்கும். ஃபிரேம் முதலில் தரையைத் தொட்டா ஸ்டியரிங் போச்சு.

பழைய_ஷெவி

இதுவரை வந்ததை வச்சு என் திட்டம்: ஸ்டெப் நாட்ச், பாலத்தின் அடிப்பரப்பு ரயில் தலையிலிருந்து 3 அங்குலம். முக்கோண ஃபோர்-லிங்க், பார் 1 1/4 அங்குலக் குழாய், நுனியில் 3/4 மரை. ஸ்லீவ் பேக் ஆக்சிலில். ஓட்டும்போது ஃபிரேம் 5 அங்குலம். பெட்டித் தளம் ஆக்சில் இடத்தில் 6 அங்குலம் உயரும். ஏதாவது விட்டுப்போச்சா?

கொல்லன்பட்டறை

ரெண்டு இருக்கு. 5 அங்குலத்தில் ஓட்டினா கீழே இருந்து மேல வரைக்கும் 5 அங்குல ஓட்டத்தை நாட்ச் தாங்கும். பின் பிரேக் ஹோஸ் அந்த ஓட்டத்துக்கு எட்டுமான்னு பாருங்க. கம்பெனி ஹோஸ் நீளம் பத்தாது, மேல தூக்கும்போது இழுபடும். ஹேண்ட் பிரேக் கேபிளும் அப்படித்தான்.

ரெண்டாவது, பாலத்தை முழு வெல்டு பண்றதுக்கு முன்னாடி டேக்கில் வச்சே ஓட்டிப் பாருங்க. பேக்கும் ஷாக்கும் இல்லாம, டயரை மாட்டி, ரெண்டு பக்கமும் ஜாக்கில் மேலேயும் கீழேயும். பிறகு ஒரு பக்கம் முழுசா மேலே, மறுபக்கம் முழுசா கீழே. முட்டும்னு சந்தேகப்படுற இடத்தில் களிமண் உருண்டை ஒட்டி வைங்க: குழாய் தலை, டிஃபரன்ஷியல் மேல்பக்கம், டயரின் உள்விளிம்பு, மேல் பார்கள் பாலத்தைக் கடக்கும் இடம். நசுங்கின களிமண்ணை அறுத்து ஸ்கேலில் அளந்தா மிச்ச இடம் தெரியும். ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது நல்லா இருக்கிறது ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது முட்டும்.

பழைய_ஷெவி

டிஃபரன்ஷியலுக்கும் அதன் மேலே ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குக் குழாய்க்கும் நடுவே 5 நூல்தான் வருது. ஒரு சக்கரம் ஏறும்போது 4.

கொல்லன்பட்டறை

அப்ப அங்கே குறுக்கே போற குழாயை நேரா போடாதீங்க. நடுவில் வளைச்சு ஒரு அங்குலம் தூக்கிப் போடுங்க, இல்லேன்னா ஆக்சிலுக்குப் பின்னாடி 10 அங்குலம் தள்ளி வைங்க. தள்ளி வைக்கிறதுதான் என் விருப்பம். வளைச்ச குழாய் ரெண்டு ரயிலையும் விலகாம பிடிக்கிறதில் நேர்க்குழாய்க்கு ஈடாகாது.